கீழே விழுந்தவை

அந்த சர்வீஸ் சென்டருக்கு வந்த எந்தக் கம்ப்யூட்டரையும் யாரும் அடித்ததில்லை. எல்லாம் கீழே விழுந்தவை. மேசையிலிருந்து விழுந்தவை, கட்டிலிலிருந்து விழுந்தவை, குழந்தை இழுத்து விழுந்தவை, பூனை தள்ளி விழுந்தவை. பூனையே இல்லாத வீட்டிலும் பூனை தள்ளியிருக்கும். கவுண்டரில் இருந்த பெண் முகத்தில் ஒன்றும் காட்டாமல் வாங்கி உள்ளே அனுப்புவாள். உள்ளே மேசை விளக்குக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நம்ம ஊரில் புவியீர்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி என்பது அங்கே தேய்ந்துபோன நகைச்சுவை.

ஐஸ் என்று பெயர் எடுத்திருந்தவன் மட்டும் சிரிக்க மாட்டான். திரையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். விழுந்த திரை மூலையில்தான் உடையும். விரிசல் அங்கிருந்து கிளம்பி உள்ளே ஓடும். குத்து வாங்கிய திரை நடுவில் உடையும், சிலந்தி வலை மாதிரி. அறை வாங்கியது உடையாது; உள்ளே மை கொட்டியது போல ஒரு கறுப்பு படர்ந்திருக்கும். தூக்கி எறிந்ததற்குக் கீல் விட்டுப்போயிருக்கும். இதெல்லாம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அந்த மேசையில் கொஞ்ச காலம் உட்கார்ந்தால் யாருக்கும் வந்துவிடும். அவனுக்கு மட்டும் மேசைக்கு வரும் முன்பே பாதி தெரிந்திருந்தது. வீட்டில் கற்றது.

அவன் அப்பா லாரி டயர்க் கடை வைத்திருந்தார். லாரிச் சக்கரத்திலிருந்து டயரைப் பிரிக்க சம்மட்டியால் சுற்றிச் சுற்றி அடிக்க வேண்டும். பகல் முழுக்க இரும்பை அடித்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் கை ஓய்ந்திருக்கும் என்று தோன்றும். ஓயாது. எஞ்சின் சூடேறிய வண்டி மாதிரி வாசலில் வந்து நிற்பார். அடித்தால்தான் ஓடும் என்பது அவருடைய முழுத் தத்துவம். டிவியில் படம் உருண்டால் அதன் மண்டையில் ஓர் அறை விழும், படம் நின்றுவிடும். அதே கை, அதே வேகத்தில், பதில் சொல்லத் தாமதித்த அம்மாவின் காதுமேல் விழும். ஒரு முறை அம்மாவின் கீழுதடு கிழிந்து, பரிமாறிக்கொண்டிருந்த தட்டில் ரத்தம் சொட்டியது. அவர் தட்டை மாற்றச் சொன்னார், அவ்வளவுதான். டிவி விஷயத்தில் அவருடைய வழி பலித்துத் தொலைத்ததுதான் அந்தக் குடும்பத்தின் சாபக்கேடு. பலிக்காமல் போயிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பார்.

அடி வாங்கக் கற்றுக்கொடுத்தது அக்கா. அவனைவிடப் பல வயது மூத்தவள்.

"முகத்தைச் சுவத்துக்குக் குடு. இடது தோளைத் தூக்கிக்கோ. ரெண்டு கையையும் தலைமேல குறுக்கே போடு. கத்தாதடா, கத்தினா அவருக்கு இன்னும் ஏறும்."

நீச்சல் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னாள். செய்தும் காட்டினாள். பெரும்பாலான நாளில் அவன் அந்த வித்தையைப் பயன்படுத்த வேண்டியே வரவில்லை. அதற்குள் அவள் நடுவில் வந்து நின்றிருப்பாள். அவள் முதுகில் பெல்ட் விழுகிற சத்தத்தை அவன் சுவரைப் பார்த்தபடி கேட்டிருக்கிறான். அம்மா ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அந்த முதுகுக்கு வேலை இன்னும் கூடியது.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு நாள், அப்பா கடையில் இருந்தபோது அவன் டிவியின் பின்மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு கம்பியின் ஈயப்பற்று விட்டு ஆடிக்கொண்டிருந்தது. அறை விழும்போதெல்லாம் அது தற்செயலாகப் போய் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான் ரகசியம். பக்கத்து ரேடியோக் கடையில் கெஞ்சிப் பற்றவைக்கும் கருவியை வாங்கி வந்து ஒட்டினான். சாயங்காலம் அப்பா வந்தார், டிவியைப் போட்டார், பழக்கத்தில் கையை ஓங்கினார். படம் கண்ணாடி மாதிரி நின்றது. ஓங்கிய கை அப்படியே இருந்தது. யார் இதில் கை வைத்தது என்று கேட்டார். அவன் பெருமையோடு தான்தான் என்றான். அந்தக் கை அவன் மேல் இறங்கியது. டிவி ஓடியதற்காக வாங்கிய அடி அது. அடிக்க ஒரு காரணத்தை இழந்தவனுக்கு வருகிற கோபம் எப்படிப்பட்டது என்று அன்று தெரிந்துகொண்டான். இந்தக் கை தன்னோடு முடிய வேண்டும், ஒரு மனிதர்மேலும் தான் கை ஓங்கக் கூடாது என்று, வீங்கிய கன்னத்தைச் சுவரின் குளிர்ச்சியில் வைத்துக்கொண்டு, அவன் முடிவெடுத்ததும் அன்றுதான். அவன் வாழ்க்கையில் மற்ற எல்லாமே அந்த முடிவின் மேல் கட்டியவை.

பிறகு அப்பாவுக்கு வாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்து, அந்தக் கை போர்வைமேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. அக்காதான் எல்லாம் பார்த்தாள். ஊட்டினாள், துடைத்தாள், புரட்டிப் போட்டாள். ஒரு நாள் அவன் கதவருகில் நின்றபோது, கஞ்சியைத் துப்பிய அப்பாவின் கன்னத்தில் அவள் பளாரென்று ஓர் அறை விட்டாள். விட்டுவிட்டுத் தலையணையைச் சரிசெய்தாள். இன்னொரு கரண்டி ஊட்டினாள். அப்பாவின் கண் மட்டும் அசைந்தது. அதை அவன் நியாயம் என்று எடுத்துக்கொண்டான். பட்ட கடனில் ஓர் ஓரம் திரும்பியது என்று நினைத்தான். அதற்குமேல் அதைப்பற்றி யோசிக்கவில்லை.

அப்பா போன பிறகு அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. மாமா கட்டட வரைபடம் வரைகிறவர். வீட்டு முன்னறையிலேயே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அடுத்தவர்கள் குடியிருக்கப்போகும் வீடுகளைக் கோடுகோடாகப் போடுவார். ஒல்லியான மனிதர். குரல் எழும்பாது. சுவர் வைக்கும் இடத்தில் ஜன்னல் வைத்துத் திட்டு வாங்கியதைத் தானே சொல்லித் தானே சிரிப்பார். மைத்துனனின் விரல்கள் எதையாவது பிரிக்கத் துடிப்பதைக் கண்டு, தன் பழைய கம்ப்யூட்டரை அப்படியே தூக்கிக் கொடுத்தவர் அவர்தான்.

"பிரிச்சுப் பாரு மாப்ள. திரும்ப மாட்டத் தெரியலன்னாலும் பரவால்ல, மிச்சத்தைப் பொட்டியில போட்டு வச்சுக்கோ."

அவன் பிரித்தான், மாட்டினான், மிச்சம் விழவில்லை. அங்கிருந்து ஒரு படிப்பு, படிப்பிலிருந்து சர்வீஸ் சென்டர், உள்மேசையிலிருந்து வெளிவேலை. அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் பை மாட்டிக்கொண்டு போய்ப் பழுது பார்க்கும் வேலை அது. கம்ப்யூட்டர் நின்றுபோன இடத்தில் மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை அந்த வேலையில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். முகத்துக்கு நேரே விரல் நீட்டுவார்கள். கதவைச் சாத்தி, சரியாகும்வரை வெளியே விடமாட்டேன் என்பார்கள். ஒருத்தர் அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி அவன் தொண்டைக்குழியில் வைத்ததுண்டு. சென்டரில் சேர்ந்தவுடன் சொல்லித்தரும் முதல் பாடம் அதனால்தான் இயந்திரத்தைப் பற்றியது அல்ல: முதலில் ஆளைக் கேள், என்ன நடந்தது என்று கேள், சொல்லி முடிக்கட்டும், அப்புறம்தான் மெஷினைத் தொட வேண்டும். பாதிப் பழுது அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். பாதிக் கோபமும் அதிலேயே இறங்கிவிடும்.

ஐஸ் என்ற பெயர் ஒரு லாரிப் புக்கிங் ஆபீஸில் வந்தது. அந்த முதலாளி கீபோர்டை மாதத்துக்கு ஒன்று உடைப்பவர். அவருடைய குமாஸ்தாக்களின் முகங்களும் அவ்வப்போது கீழே விழுந்தவைதான். அன்று சிஸ்டம் தொங்கிப்போய் வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. ஐஸ் வழக்கம்போல, என்ன சார் பண்ணீங்க என்று கேட்டான். கேட்டது கேள்வியாக அல்ல, குற்றச்சாட்டாகப் போய் விழுந்தது. அவர் கீபோர்டைப் பிடுங்கி, வயரோடு சேர்த்து, அவன் மண்டையில் ஓங்கி அடித்தார். இரண்டாவது அடியில் எழுத்துக்கட்டைகள் தெறித்து அறை முழுக்க ஓடின. புருவத்துக்குமேல் தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. உடன் வந்திருந்த சென்டர்க்காரன் பையைப் போட்டுவிட்டு ஓடியேவிட்டான்.

ஐஸ் கீழே குனிந்தான். ஒவ்வொரு கட்டையாகப் பொறுக்கினான். கைக்குட்டையைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் அவற்றை அதனதன் இடத்தில் அழுத்தி உட்காரவைத்தான். இரண்டு கட்டைகளில் அவனுடைய ரத்தம் இருந்தது. கடைசிக் கட்டை உட்கார்ந்ததும், "இப்ப சொல்லுங்க சார், நிக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்றான். அந்த முதலாளி உட்கார்ந்து, வேர்த்து, பதில் சொன்னார்.

சென்டரில் கதை அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. இவன் ரத்தம் ஓடுகிற மனுஷனா ஐஸ்கட்டியா என்றாள் கவுண்டர்ப் பெண். பெயர் ஒட்டிக்கொண்டது. அதன்பின் முரட்டு வாடிக்கையாளர்கள் எல்லாம் அவன் பங்குக்கே வந்தார்கள். சம்பளமும் மரியாதையும் அதனால்தான் ஏறின. அவனுக்கு உள்ளூர ஒரு நிறைவு இருந்தது. அப்பாவின் கை தன்னிடம் வந்து செத்துவிட்டது என்று நம்பினான். அது உண்மையா என்று சோதித்துப் பார்க்க அதுவரை யாரும் அவனைச் சரியான இடத்தில் தொட்டிருக்கவில்லை. தன்னை அடித்தால் பொறுத்துக்கொள்கிறவனை நாம் சாந்தமானவன் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடுகிறோம்.

அக்கா ஒரு நாள் மத்தியானம் சென்டருக்கே வந்தாள். வலது கையில் விரல்முட்டியைச் சுற்றித் துணிக்கட்டு. மாமாவின் லேப்டாப்பை ஒரு பைக்குள்ளிருந்து எடுத்து அவன் மேசைமேல் வைத்தாள்.

"கீழ விழுந்துருச்சுடா."

"கையில என்னக்கா?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன். எதுவும் நோண்டி நோண்டிக் கேக்காத. சரி பண்ணிக் குடு, அவருக்கு வேலை நிக்குது."

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. போய்விட்டாள். அவன் திரையைச் சாய்த்து விளக்கில் பிடித்தான். மூலை நான்கும் பழுதில்லை. உடைந்தது நடுவில், குத்து. ஒரே இடத்தில் இரண்டு முறை விழுந்த குத்து. கீபோர்டின் இடுக்குகளில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தான். லாரி ஆபீஸில் தன் ரத்தம் காய்ந்த நிறம் அவனுக்குத் தெரியும்.

பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்து, "புவியீர்ப்பா?" என்றான். ஐஸ் லேப்டாப்பை மூடினான்.

அதற்கு முன்பு நடந்ததெல்லாம் அவன் தலைக்குள் வரிசையாக வந்து பூட்டிக்கொண்டது. போன மாதம் போனில் பேசும்போது பின்னால் பாத்திரம் உடைந்த சத்தம். மாமா கொஞ்ச நாளாக அவன் வீட்டுப்பக்கம் வராதது. அக்கா இளைத்திருப்பது. அவள் கைக்கட்டு. அப்பாவிடம் வாங்கியது போதாதென்று இங்கேயும் அவளுக்கு இதே கதியா. மடையன் நான், அந்த ஒல்லி மனிதரின் மெல்லிய குரலை நம்பிவிட்டேன். எத்தனையோ அந்நியர்களிடம் போய், என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டவன், சொந்த அக்காவிடம் கேட்கவில்லை. கேட்காதே என்று அவள் சொன்னதை அவன் விடையாகவே எடுத்துக்கொண்டான். இயந்திரத்தைப் பார்த்து ஆளைத் தீர்மானித்தான். அந்த வேலையில் புதிதாகச் சேர்ந்தவன்கூடச் செய்யக் கூடாத தப்பு அது.

சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, அக்கா வீட்டு மாடிப்படி ஏறினான். மாமாதான் கதவைத் திறந்தார். மூக்கு கொஞ்சம் வீங்கியிருந்தது. அதை அவன் பார்த்தான். பார்த்தது மண்டைக்குள் போகவில்லை.

"வா மாப்ள. சரியாயிருச்சா அதுக்குள்ள?"

முதல் அடி அந்தச் சிரிப்பின்மேல் விழுந்தது. உதடு பல்லில் மாட்டிக் கிழிந்ததை அவன் விரல்முட்டி உணர்ந்தது. இரண்டாவது கண்மேல். மாமா பின்னால் போய் வரைபடச் சுருள்கள் வைத்திருந்த அலமாரியில் மோதினார். சுருள்கள் உருண்டு வந்து இருவர் காலுக்கும் நடுவில் கிடந்தன. ஐஸ் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் கண்மேலேயே அடித்தான். கை அவனுடையதாக இல்லை. அல்லது அன்றுதான் முதன்முதலாக முழுசாக அவனுடையதாக இருந்தது. அதன் எடை, அது போகும் வளைவு, அடித்து முடித்ததும் அடுத்ததற்குத் தானே பின்வாங்கும் விதம் எல்லாம் அவனுக்குப் பழக்கமாக இருந்தன. சம்மட்டியின் தாளம். பொம்பளையை அடிப்பியா, அடிப்பியா என்று கேட்டுக்கொண்டே அடித்தான். வாழ்க்கையில் அவன் பதிலுக்குக் காத்திருக்காமல் கேட்ட ஒரே கேள்வி.

மாமா திருப்பி அடிக்கவில்லை. வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. சரிந்து உட்கார்ந்தார், முகத்தைச் சுவருக்குக் கொடுத்தார், இடது தோளைத் தூக்கினார், இரண்டு கைகளையும் தலைமேல் குறுக்காகப் போட்டார். சத்தம் வெளியே வராமல் பற்களைக் கடித்துக்கொண்டார்.

ஐஸின் கை பாதியில் நின்றது.

அது யாரும் தானாகப் பிடிக்கும் நிலை அல்ல. திடீரென்று அடி வாங்குகிறவன் முகத்தை மூடுவான், அல்லது ஓடுவான், அல்லது கையைப் பிடிக்க வருவான். தோளைத் தூக்கித் தலைமேல் கைகளைக் குறுக்கே போட அந்த உடம்பு பழகியிருக்க வேண்டும். பல நாள், பல அடிகளில். அந்தப் பாடம் இந்த உலகத்தில் ஒரே வீட்டில்தான் நடந்தது. அந்த வீட்டிலிருந்து இங்கே வந்தது ஒரே ஆள்.

அக்கா குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு வந்தாள். சுவரோடு சுருண்டிருந்த கணவனைப் பார்த்தாள், விரல்முட்டியில் ரத்தத்தோடு நின்ற தம்பியைப் பார்த்தாள். கையில் கட்டு இல்லை. முட்டிகளில் கண்ணாடி கீறிய கோடுகள் வரிசையாக இருந்தன.

"அது நான் உடைச்சதுடா," என்றாள். "அவர் மூஞ்சிக்கு வச்சது, அவர் குனிஞ்சுட்டார்."

ஐஸ் அந்தக் கோடுகளைப் பார்த்தான்.

"ரெண்டாவது குத்து?" என்றுதான் வந்தது அவனுக்கு. தொழில்புத்தி.

"குனிஞ்சதுக்குத்தான்."

சொன்னவள் அடுப்படிக்குள் போனாள். தண்ணீர் கொண்டுவரப் போகிறாள் என்று நினைத்தான். குக்கர் மூடியோடு வந்தாள். முதல் வீச்சு அவன் காதோடு விழுந்தது, அடுத்தது கழுத்தில், அடுத்தது தடுக்கத் தூக்கிய முழங்கையில்.

"நாயே, என் புருஷனை நான் அடிப்பேன். நீ யாருடா அவரை அடிக்க? நீ யாருடா?"

அவள் அழுதுகொண்டே அடித்தாள். அவன் இடது தோள் தானாக உயர்ந்தது. சுவர் எங்கே என்று உடம்பு தேடியது. ஒரே சுவர்தான் பக்கத்தில் இருந்தது. அதில் மாமா ஏற்கெனவே இருந்தார். அவன் போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தான். இரண்டு ஆண்கள், ஒரே மாதிரி கைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் இடித்தபடி. அவளுக்கே அந்தக் காட்சி சகிக்கவில்லை போலும். மூடி கையிலிருந்து நழுவித் தரையில் வட்டமடித்து அடங்கியது.

ஆஸ்பத்திரியில் மாமாவின் கண் முழுசாக மூடிக்கொண்டிருந்தது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று வீக்கம் வடிந்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். மெல்லிய கோடுகளைப் பார்த்தே பிழைக்கும் மனிதரிடம் அதைச் சொன்னார். கட்டிலுக்கு ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் தம்பி. எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார்.

"கீழ விழுந்துட்டேன்," என்றார் மாமா.

கிழிந்த உதட்டால் அதைத் தெளிவாகவே சொன்னார். பலமுறை சொல்லிப் பழகிய வாக்கியம். சென்டர்க் கவுண்டரில் ஐஸ் எத்தனையோ வருஷமாகக் கேட்டுவந்த அதே வாக்கியம். அங்கே அதைக் கேட்டு எழுதிக்கொள்வதுதான் வேலை. வாடிக்கையாளர் சொன்னால் விழுந்தது விழுந்ததுதான். இப்போதும் அவன் சும்மா இருந்தால் போதும். வேலை இருக்கும், பெயர் இருக்கும், அக்காவின் மானம் இருக்கும். அப்பாவும் இப்படித்தான் கடைசிவரை சும்மா இருந்தார். அவர் அடித்ததாக எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் சொன்னதில்லை. அம்மா வழுக்கி விழுந்தாள், அக்கா படியில் விழுந்தாள். அடிக்கிற கைக்கு அந்தச் சொல்தான் உறை. ஓங்காத கையை வைத்து அப்பாவிடமிருந்து பிரிந்துபோக அவன் போட்ட திட்டம் அன்று சாயங்காலமே பாழாகிவிட்டது. மிச்சம் இருந்தது இந்த ஒரு வழிதான்.

"விழல டாக்டர்," என்றான். "நான்தான் அடிச்சேன்."

அக்கா தலையைத் தூக்கவில்லை. டாக்டர் அவனைப் பார்த்துவிட்டு, மாமாவின் சட்டையை விலக்கி விலாவைக் காட்டினார். மஞ்சளும் பச்சையுமாகப் பழைய தடங்கள். கோணலாக ஒட்டியிருந்த ஒரு விரலையும் தொட்டுக் காட்டினார்.

"இதெல்லாம் இன்னைக்கு ஆனதில்லையே. இதுவும் நீங்கதானா?"

ஐஸ் அக்காவைப் பார்த்தான். அவள் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. அது அவன் சொல்ல வேண்டியது அல்ல. பிறகு மாமா, திறந்திருந்த ஒரு கண்ணைக் கூரைமேல் வைத்துக்கொண்டு, சொன்னார்:

"அதுவும் விழல."

யார் என்று அவர் சொல்லவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் கேட்ட மூச்சு போதுமானதாக இருந்தது.

போலீஸ் வந்தது, வழக்கு வந்தது. சென்டரில், வாடிக்கையாளர் வீட்டுக்குள் அனுப்பும் ஆள்மேல் அடிதடி வழக்கு இருக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. கவுண்டர்ப் பெண் அவன் பொருள்களை எடுத்துக் கொடுக்கும்போது மட்டும், "ஐஸு, நீயாடா?" என்றாள். தண்டனை முடிந்து வெகுநாள் வேலையில்லாமல் இருந்துவிட்டு, போனிலேயே பழுது பார்க்கும் இடம் ஒன்றில் சேர்ந்தான். வரிசையாக நாற்காலிகள், தலையில் மாட்டிய ஹெட்செட், எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரின் திரை இவன் திரையில் தெரியும். அடிக்க யாரும் எட்டாத தூரம். அங்கே ஒரு வழக்கம் கண்டிப்பாக இருந்தது: அடுத்தவர் மவுஸைக் கையில் எடுக்கும் முன் சொல்ல வேண்டும், அவர் சரி என்ற பிறகுதான் அசைக்க வேண்டும். மற்றவர்கள் அதை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். இவன் சொல்லிவிட்டுக் காத்திருப்பான். அதனால் இவனுடைய அழைப்புகள் நீளும். மேலாளரிடம் அதற்குத் திட்டும் வாங்குவான். நல்லவனாகிவிட்டான் என்று சொல்ல முடியாது. தன் கையை நம்பாதவனாக ஆனான். அவனைப் பொறுத்தவரை அதுவே போதும்.

அக்கா அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். அவன் போனால் கதவைத் திறப்பதில்லை. உள்ளே நடக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த உடைந்த லேப்டாப் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது, திரை மாற்றாமல்.

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. ஓர் அச்சகத்தின் மாடியில் ஒற்றை அறை எடுத்தார். ஒரு கண்ணில் நேர்கோடுகள் வளைந்து தெரிந்தன. அந்தக் கண்ணை மறைத்துக்கொண்டு, மற்றவர்கள் போட்ட வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலையை மெதுவாகச் செய்தார். வெகுகாலம் கழித்து ஒரு பகலில் அவனுக்கு போன் வந்தது. எழுத்தெல்லாம் பெரிதாகத் தெரிய என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார், நலம் விசாரிக்கவில்லை. அவனும் விசாரிக்கவில்லை. இங்கிருந்தே செய்து தருகிறேன் மாமா என்றான். அனுமதிக்கவா என்று அவர் திரையில் கேட்டிருக்கும். அவர் அதை அழுத்த எடுத்துக்கொண்ட நேரத்தை அவன் மூச்சுப் பிடித்துக் கடந்தான். அதன்பின் அவ்வப்போது கூப்பிடுவார். அறைக்குள் அவன் உடம்பு வராதவரை அவருக்குச் சரியாக இருந்தது.

பிறகு ஒரு நாள் மாமாவின் கம்ப்யூட்டரில் திரையே வரவில்லை. போனில் எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தான்; ஒன்றும் சரிவரவில்லை. நேரில் வர வேண்டியிருக்கும் என்று தயங்கிச் சொன்னான். மறுமுனையில் அச்சு இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் மாமா, கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன் என்றார்.

போனான். வாசலிலேயே நின்று செருப்பைக் கழற்றினான். மாமாவுக்கு நரை கூடியிருந்தது. ஒரு கண்மேல் பஞ்சுத்துணி. மேசைமேல் திரை கொஞ்சம் கோணலாக நின்றது.

"என்ன ஆச்சு மாமா?"

"கீழ விழுந்துருச்சு மாப்ள." சொன்னவருக்கே அந்த வார்த்தை சங்கடமாக இருந்திருக்க வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணியது, சிரிப்பாகக்கூட இருக்கலாம். "நெசமாவே விழுந்துச்சு. வயர்ல கால் தடுக்கி."

திரையைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்க அவன் கை துடித்தது. மூலையா, நடுவா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை. விழுந்தது என்று அவர் சொன்னார், விழுந்ததுதான்.

பின்னால் இருந்த வயரைத் தொட வேண்டும். அதற்கு அவர் தோளைத் தாண்டிக் கை போக வேண்டும். அவன் கைகள் இரண்டையும் தெரியும்படி முன்னால் வைத்துக்கொண்டான்.

"மாமா, உங்களுக்குப் பின்னாடி இருக்கிற வயரைத் தொடணும். கையை நீட்டப் போறேன். சரியா?"

மாமாவின் இடது தோள் லேசாக உயர்ந்தது. அவர் அதை உணர்ந்தது போல மெல்லக் கீழே இறக்கினார், மறுபடி உயர்ந்தது. "இரு," என்றார். எழுந்தார். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், திறந்திருந்த கதவின் பக்கத்தில் நின்றார். கீழே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் கையை நீட்டாமல் அப்படியே நின்றான். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை.